கோழி, ஆட்டுக்கறி தாண்டி: காடை, முயல், வாத்து, வான்கோழி ஆகியவற்றை முதன்முறை சமைப்பவர்களுக்கு

கோழி, ஆட்டுக்கறி, மீன் என்றே சமைத்துப் பழகிய வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முயலோ வான்கோழியோ வந்தால், அதையும் கோழிக்குப் போடும் அதே மசாலாவில் புரட்டி, அதே நேரம் வேகவைத்து, பிறகு "நார் நாராக இருக்கிறது", "ஏதோ வாடை அடிக்கிறது" என்று ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. குறை பெரும்பாலும் இறைச்சியில் இருப்பதில்லை. தசையில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது, அந்த விலங்குக்கு என்ன வயது, எந்தத் தசை ஓயாமல் உழைத்தது என்பவற்றைப் பொறுத்தே வேகும் நேரமும் முறையும் அமைகின்றன. இவற்றைக் கவனிக்கத் தெரிந்தவருக்குப் புதிய இறைச்சி எதுவும் அச்சம் தருவதில்லை. தமிழ்நாட்டில் சட்டப்படி கிடைக்கும் பண்ணை இறைச்சிகளையே இங்கே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

எதைத் தொடக்கூடாது

சமையலுக்கு முன்னால் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். காட்டு முயல், கவுதாரி, உடும்பு, மயில், ஆமை ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. வேட்டையாடுபவர் மட்டுமே குற்றவாளி என்று பலரும் நினைக்கிறார்கள்; அந்த இறைச்சியை விலைக்கு வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும்கூடக் குற்றமே. உடும்பு, மயில் போன்று முதல் அட்டவணையில் உள்ள உயிர்கள் என்றால், 3 ஆண்டுகள் முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. உடும்புக்கறி முதுகுவலிக்கு நல்லது, உடலுக்கு உரம் தரும் என்றெல்லாம் இன்னமும் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு மருத்துவ அடிப்படை ஏதும் இல்லை. அந்த விலங்கு நம் வயல்வெளிகளில் அருகி வருவதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம் என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

விற்பவர் "பண்ணை முயல்" என்று சொன்னாலும் நாமே சரிபார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. பண்ணை முயலின் இறைச்சி கோழி நெஞ்சுக்கறியைப் போல வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். காட்டு முயலின் இறைச்சி கருஞ்சிவப்பாக இருக்கும். காடையிலும் இதே எச்சரிக்கை தேவை. பண்ணையில் வளர்க்கப்படுவது ஜப்பானியக் காடை. இது 1974-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம். வலை வைத்துப் பிடித்த காட்டுக் காடைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுச் சாலையோரம் யாராவது விற்றால், விலை குறைவாக இருந்தாலும் வாங்காமல் நகர்ந்துவிட வேண்டும். இடம்பெயர்ந்து செல்லும் காட்டுக் காடைகளைத் தின்றதால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மத்தியதரைக் கடலோர நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. தீவனம் தின்று வளரும் பண்ணைக் காடையில் இந்த ஆபத்து இல்லை.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

எங்கிருந்து வந்தது, எத்தனை மாத வயது என்ற இரண்டு கேள்விகளையும் கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் புதிய இறைச்சி வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழியின ஆராய்ச்சி நிலையம் நந்தனம் வான்கோழி-1, நந்தனம் காடை போன்ற இனங்களை உருவாக்கிப் பண்ணையாளர்களுக்குத் தந்திருக்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையத்தில் ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா ஆகிய முயல் இனங்கள் வளர்க்கப்படுகின்றன. இவற்றிடம் குஞ்சோ குட்டியோ வாங்கி வளர்க்கும் சிறு பண்ணைகள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. அவர்களிடம் நேரில் சென்று வாங்கினால் வயதும் தெரியும், தீவனமும் தெரியும்.

அறுத்த ஒரு மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றினால்தான் சுவை என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் தசைகள் விறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் வேகவைத்தால் இறைச்சி மிருதுவாகாது. முயலையும் வான்கோழியையும் சுத்தம் செய்து, மூடிய பாத்திரத்தில் ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு மறுநாள் சமைத்துப் பாருங்கள். வேறுபாடு முதல் வாயிலேயே தெரியும். காடைக்கு நான்கைந்து மணி நேரமே போதும்.

காடை: தொடங்குவதற்கு ஏற்றது

இதுவரை கோழியைத் தவிர வேறு பறவையை உண்ணாதவர் காடையில் தொடங்குவதுதான் சரி என்பது என் கருத்து. வாடை கிடையாது, விலை கையைக் கடிக்காது, சமைக்க அரை மணி நேரம் போதும். உயிர் எடை ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். ஆளுக்கு ஒன்று அல்லது இரண்டு என்று கணக்கிட்டு வாங்கலாம். இறகு பிடுங்குவது வேலை என்பதால் பெரும்பாலான கடைகளில் தோலோடு சேர்த்து உரித்துவிடுகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் தோலோடு தருபவர்களும் உண்டு. காடையில் கொழுப்பு குறைவு, இருப்பதும் தோலுக்கடியில்தான் என்பதால், தோலோடு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

முதுகெலும்பை ஒட்டிக் கத்தரியால் வெட்டி, பறவையைப் புத்தகம்போல் விரித்து, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு, உப்பு, சிறிது எண்ணெய் சேர்த்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். அகலமான தோசைக்கல்லில் தாராளமாக எண்ணெய் விட்டு, மிதமான தீயில், தோல் பக்கம் கீழே இருக்குமாறு ஆறு நிமிடம், திருப்பிப் போட்டு ஐந்து நிமிடம் வேகவைத்தால் போதும். எண்ணெயில் மூழ்கவிட்டு மொறுமொறுவென்று ஆகும்வரை பொரிக்கும் உணவக முறையில் மசாலாவின் சுவைதான் மிஞ்சும். காடையின் சுவை போய்விடும். எலும்புகள் ஊசிபோல் மெல்லியவை என்பதால், சிறு குழந்தைகளுக்குத் தரும்போது சதையைப் பிய்த்துத் தடவிப்பார்த்துவிட்டுத் தர வேண்டும்.

முயல்: பொறுமை கேட்கும் இறைச்சி

நான் மிகவும் மதிக்கும் இறைச்சி முயல்தான், மிக அதிகமாகக் கெடுக்கப்படுவதும் அதுவே. முயல்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. உள்ளதும் சிறுநீரகத்தைச் சுற்றியும் தோள்பட்டைக்கருகிலும் தனியே திரண்டிருக்கும், தசைக்குள் ஊடாடியிருக்காது. எனவே சற்றே கூடுதலாக வெந்தாலும் ஈரம் முழுவதும் வெளியேறி, மென்று விழுங்க முடியாத நாராகிவிடும். இதற்கு மாற்று இரண்டு: முன்கூட்டியே உப்புநீரில் ஊறவைப்பது, சமையலில் வெளியிலிருந்து கொழுப்புச் சேர்ப்பது.

ஏறத்தாழ மூன்று மாத வயதும் 2 கிலோ உயிர் எடையும் உள்ள முயலைத் தேர்ந்தெடுங்கள். அதில் கறியாக ஒரு கிலோ அளவுக்குக் கிடைக்கும். வெட்டும்போது கடைக்காரர் பக்கத்திலேயே நில்லுங்கள். ஆட்டுக்கறிபோல் கத்தியை ஓங்கிப் போட்டுச் சிறு துண்டுகளாக்கினால் முயலின் மெல்லிய எலும்புகள் சில்லுச்சில்லாக உடைந்து கறியில் கலந்துவிடும். முன்னங்கால்கள் இரண்டு, பின்தொடைகள் இரண்டு, நடுமுதுகு மூன்று துண்டுகள், விலாப்பகுதி என்று மூட்டுகளில் மட்டும் பிரித்துத் தரச் சொல்ல வேண்டும். ஈரலையும் பார்த்து வாங்குங்கள். அதன்மேல் வெண்ணிறப் புள்ளிகளோ முடிச்சுகளோ இருந்தால் அது ஒட்டுண்ணி நோயின் அடையாளம். அந்த ஈரலை எறிந்துவிட வேண்டும். பித்தப்பையை உடையாமல் எடுக்காவிட்டால் தொட்ட இடமெல்லாம் கசக்கும். பச்சை இறைச்சியைக் கையாளும்போது கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை அணிந்துகொள்வது நல்லது.

ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, துண்டுகளை அதில் மூழ்கவிட்டு, குளிர்பதனப் பெட்டியில் மூன்று மணி நேரம் வையுங்கள். பிறகு கழுவித் துணியால் ஒற்றியெடுங்கள். குழம்பில் போடும் உப்பைப் பாதியாகக் குறைப்பதை மறக்கக்கூடாது. தொடையின்மேல் ஒட்டியிருக்கும் வெள்ளி நிறச் சவ்வைக் கத்தி முனையால் நீக்கிவிடுங்கள். அது எவ்வளவு வெந்தாலும் கரையாது, சுருங்கி இறைச்சியை இறுக்கிவிடும்.

அடிகனமான பாத்திரத்தில் நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்துத் துண்டுகளை இரு பக்கமும் பொன்னிறமாக வாட்டி எடுத்துவையுங்கள். அதே எண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, 200 கிராம் சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, ஒரு தக்காளி ஆகியவற்றை வதக்கி, மல்லித்தூள், மஞ்சள்தூள், புதிதாகப் பொடித்த மிளகு, சீரகம் சேருங்கள். பட்டை, கிராம்பு, கரம் மசாலா ஆகியவற்றை மிகக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும். முயலின் சுவை மென்மையானது, அவை அதை மூடிவிடும். இப்போது கால்களை மட்டும் போட்டு, அவை பாதி மூழ்கும் அளவு வெந்நீர் ஊற்றி, மூடி, சிறு தீயில் 25 நிமிடம் வேகவிடுங்கள். நடுமுதுகையும் விலாவையும் அதற்குப் பிறகே சேர்த்து, மேலும் 15 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நேரும் பிழை: தொடை வெந்து முடிவதற்குள் முதுகுக்கறி காய்ந்துபோயிருக்கும். கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு குவளை ஊற்றி, கொதி வருமுன் இறக்கிவிடுங்கள். முயலில் இல்லாத கொழுப்பை அந்தத் தேங்காய்ப்பால் ஈடுசெய்கிறது. பிரஷர் குக்கரில் சமைத்தே ஆக வேண்டுமென்றால் கால்களுக்கு மட்டும் இரண்டு விசில் விட்டு, மற்றதைத் திறந்த பாத்திரத்தில் முடியுங்கள்.

வாத்து

வாத்து முயலுக்கு நேர் எதிரானது. தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் படலம் இருக்கிறது; தசையோ நெடுநாள் நடந்தும் நீந்தியும் இறுகியது. அறுவடை முடிந்த நெல்வயல்களில் மந்தையாக மேய்த்து, முட்டை ஓய்ந்த பிறகு இறைச்சிக்கு விற்கப்படும் வாத்துகளே நமக்குப் பெரும்பாலும் கிடைக்கின்றன. அவை முற்றியவை. ஆகவே வாத்துக்கு நீண்ட நேரமும் சிறு தீயும் தேவை.

சுத்தம் செய்வதில்தான் பாதிக் காரியம் அடங்கியிருக்கிறது. வெந்நீரில் முக்கி இறகைப் பிடுங்கிய பின்னும் தோலில் முளைக்குருத்துகள் குத்திக்கொண்டிருக்கும். மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டி, கத்தியின் மொண்ணைப் பக்கத்தால் சுரண்டி எடுங்கள். வால் நுனியின் மேற்புறத்தில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியை மஞ்சள் நிறச் சதை முழுவதும் போகும்படி அறுத்தெறிய வேண்டும். வாத்துக்கறி "கவிச்சு அடிக்கிறது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சுரப்பியோடு சமைத்த கறியை உண்டவர்களாகத்தான் இருப்பார்கள். காடையிலும் வான்கோழியிலும் இதே சுரப்பி உண்டு. அவற்றிலும் நீக்கிவிடுவது நல்லது.

துண்டுகளை எண்ணெயே இல்லாத வாணலியில் தோல் கீழே இருக்குமாறு அடுக்கி, மிகச் சிறிய தீயில் கால் மணி நேரம் வைத்தால், கொழுப்பு உருகி வாணலியில் தேங்கும். அதில் இரண்டு கரண்டியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வடித்துவிட்டு, வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு ஆகியவற்றை வதக்கி, கறியைப் போட்டு ஒன்றரை மணி நேரம் மூடி வேகவிடுங்கள். குக்கரில் என்றால் ஏழெட்டு விசில். கொழுப்பு மிகுந்த கறி என்பதால் புளிப்பு ஏதேனும் வேண்டும். கேரளத்தின் குட்டநாட்டில் வாத்துக்கறிக்கு வினிகரும் தேங்காய்ப்பாலும் சேர்ப்பார்கள், ஆப்பத்தோடு அது அருமையான இணை.

குட்டநாட்டின் பெரும்பகுதி அமைந்துள்ள ஆலப்புழை மாவட்டத்தில் 2014-இலும் 2021-இலும் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் பரவியது நினைவிருக்கலாம். நன்றாக வெந்த இறைச்சியில் அந்த வைரஸ் உயிர்பிழைக்காது. ஆபத்து உயிருள்ள பறவையைக் கையாள்வதிலும் அறுப்பதிலும்தான் இருக்கிறது. எனவே அத்தகைய செய்தி வந்திருக்கும் காலத்தில் வீட்டில் வாத்து அறுப்பதைத் தவிர்க்க வேண்டும். எந்தப் பறவையானாலும் உள்வெப்பம் 74 டிகிரி செல்சியசைத் தொட்டிருக்க வேண்டும். முயலுக்கு 71 டிகிரி போதும். இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஊகிக்க வேண்டியிராது.

வான்கோழி, ஈமு, கங்காரு

வான்கோழியை முழுதாக வாங்கினால் ஒரு குடும்பத்தால் தின்று தீர்க்க முடியாது. நான்கு வீடுகள் சேர்ந்து வாங்குவதுதான் வழி. நெஞ்சுக்கறியும் கால்கறியும் இரண்டு வேறு இறைச்சிகள் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கலந்து வெட்டிக் குழம்பு வைத்தால் ஒன்று காய்ந்தும் மற்றது வேகாமலும் இருக்கும். நெஞ்சுக்கறியை நார்களுக்குக் குறுக்காக மெல்லிய பட்டைகளாக வெட்டி, தயிரிலும் மிளகிலும் ஊறவைத்து, பெரிய தீயில் எட்டுப் பத்து நிமிடம் வறுத்து இறக்குங்கள். கீழ்க்காலில் தசைநாண்கள் எலும்புபோல் கெட்டிப்பட்டிருக்கும். அவை எதற்கும் மசியமாட்டா என்பதால், வேகவைத்த பிறகு சதையை உதிர்த்து நாண்களை உருவிவிட்டு, கொத்துக்கறியாகச் செய்வதே நான் பரிந்துரைக்கும் வழி.

ஈமு என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் 2012-இல் பெருந்துறை வட்டாரத்தில் வெளிப்பட்ட முதலீட்டு மோசடிதான் நினைவுக்கு வரும். பணத்தை இழந்த விவசாயக் குடும்பங்களின் துயரத்தில் அந்த இறைச்சியைப் பற்றிய பேச்சே அடங்கிப்போயிற்று. பறவையாக இருந்தாலும் ஈமுவின் தொடைக்கறி மாட்டிறைச்சிபோல் சிவந்தது, கொழுப்பற்றது. எங்காவது கிடைத்தால் பப்பாளிக்காய் விழுதில் அரை மணி நேரம் மட்டும் ஊறவைத்து, ஆட்டுக்கறிக்குச் செய்யும் சுக்கா முறையில் சமைக்கலாம். அதற்கு மேல் ஊறினால் மேற்பகுதி கூழாகிவிடும்.

ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழர்களுக்கு அங்குள்ள பேரங்காடிகளிலேயே கங்காரு கிடைக்கும். அது பண்ணையில் வளர்க்கப்படுவதில்லை. அரசு வகுக்கும் ஒதுக்கீட்டின்படி உரிமம் பெற்றவர்கள் காட்டிலிருந்து எடுக்கிறார்கள். கொழுப்பு ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே என்பதால், அந்நாட்டவர் வாணலியைப் புகையக் காய்ச்சி, எண்ணெயை இறைச்சியின்மேல் தடவி, பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் வாட்டி, நடுப்பகுதி சிவந்திருக்கும்போதே எடுத்துவிடுகிறார்கள். அப்படி அரைவேக்காட்டில் உண்ண மனம் ஒப்பாதவர்களும், கர்ப்பிணிகளும், நோயெதிர்ப்புக் குறைந்தவர்களும் வால்பகுதியை வாங்கி மூன்று மணி நேரம் சிறு தீயில் வேகவைத்துக் குழம்பாக்கலாம். அதிலுள்ள பசைச்சத்து கரைந்து, ஆட்டுக்கால் பாயாவுக்கு நிகரான சாறு கிடைக்கும்.

வயலில் கிடைப்பவை

நத்தை, வயல் நண்டு, வயல் எலி, ஈசல் ஆகியவை காவிரிப் படுகையிலும் வட மாவட்டங்களிலும் தலைமுறைகளாக உண்ணப்படுபவை. இருளர் போன்ற பழங்குடி மக்களுக்கு இவை அன்றாட உணவாகவும் பருவ உணவாகவும் இருந்து வருகின்றன. அவற்றைத் தின்று காட்டும் காணொளிகளில் அந்த மக்களை வேடிக்கைப் பொருளாக்குவதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. எந்த வயலில் எடுக்கலாம், எந்தப் பருவத்தில் எடுக்கலாம் என்ற அறிவு அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களிடம் கேட்டு, அவர்கள் சமைப்பதுபோலவே சமைத்து உண்பதுதான் முறை. அண்மையில் பூச்சிமருந்து தெளித்த வயலில் எதையும் எடுக்கக்கூடாது. நத்தையை நன்கு வேகவைக்காமல் உண்டால் மூளையைத் தாக்கும் புழுவும், நண்டை அப்படி உண்டால் நுரையீரலைத் தாக்கும் புழுவும் உடலில் ஏற வாய்ப்புண்டு. பல நீரில் அலசி, கொதிக்கும் நீரில் நன்றாக வேகவைத்த பிறகே மசாலாவில் சேர்க்க வேண்டும். வயல் எலியைத் தோலுரிக்கும்போது கைக்கு உறை கட்டாயம். எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரிலிருந்து தோல் கீறல் வழியாகப் பரவுகிறது.

பரிமாறும்போது

முதன்முறை உண்ணும்போது நான்கைந்து துண்டுகளோடு நிறுத்திக்கொண்டு மறுநாள்வரை உடலைக் கவனியுங்கள். ஒரே வேளையில் இரண்டு புதிய இறைச்சிகளை உண்டால், ஒவ்வாமை வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நத்தையும் ஈசலும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகம். யூரிக் அமிலம் மிகுந்து மூட்டுவலியால் துன்பப்படுபவர்கள் ஈரல் போன்ற உள்ளுறுப்புகளைத் தவிர்க்க வேண்டும்.

விருந்தினருக்கு என்ன இறைச்சி என்பதைச் சொல்லாமல் பரிமாறி, தின்று முடித்த பிறகு "அது முயல்" என்று அறிவித்துச் சிரிக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. மத நம்பிக்கை, குலதெய்வ வழக்கம், ஒவ்வாமை, வீட்டில் செல்லமாக முயல் வளர்த்த நினைவு என்று ஒருவர் மறுப்பதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். எனவே அழைக்கும்போதே சொல்லிவிட்டு, மறுப்பவருக்கு வேறொரு குழம்பும் வைத்துவிடுங்கள்.

மிஞ்சிய கறியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம். முயலையும் காடையையும் மறுபடி சுடவைக்கும்போது நீரோ தேங்காய்ப்பாலோ சிறிது சேர்த்துச் சிறு தீயில் வையுங்கள். வாத்திலிருந்து வடித்த கொழுப்பைக் கண்ணாடிச் சீசாவில் ஊற்றிக் குளிரில் வைத்தால் சில வாரங்கள் கெடாது; உருளைக்கிழங்கு வறுவலுக்கு அதைவிடச் சிறந்த எண்ணெய் கிடைப்பது அரிது. வெந்த காடை, முயல் எலும்புகளை நாய்க்குப் போட வேண்டாம், உடைந்த முனைகள் அதன் குடலைக் கிழித்துவிடும்.